நெஞ்சளவு

ஸ்கேன் எடுத்த டொக்டர் முதலில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். எந்த ஸ்கூல், எந்தத் தரத்துக்குப் படிப்பிக்கிறீங்க, நோர்வூட் பக்கம் ரோட்டு சரியாகிட்டதா என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். கோசலாவும் படுத்தபடியே பதில் சொன்னாள். தரம் பத்துக்கு விஞ்ஞானம். ரோட்டு பாதி சரி, பாதி இன்னும் மண்தான். பிறகு அவர் கருவியை அவள் வயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்து அழுத்தினார். அளந்தார். அதே இடத்தை மறுபடி அளந்தார். பேச்சு நின்றுபோனது. திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

விடைத்தாள் திருத்தும்போது தானும் இப்படித்தான் பேச்சை நிறுத்துவாள் என்பது கோசலாவுக்குத் தெரியும். எங்கோ பிழை இருக்கிறது.

"இதுக்கு முந்தி ஸ்கேன் எடுக்கல்லையா, மிஸ்?"

"எடுக்க இருந்திச்சு டொக்டர். நவம்பர்ல. அப்பதான் மண்ணு சரிஞ்சு ரோட்டை மூடிக்கிச்சு."

அந்த நவம்பர் மழையின்போது ஹட்டனுக்கு வருவதைப் பற்றியே யாரும் நினைக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு மேலே இருந்த லயத்து வரிசை வீடுகளின் ஆட்களெல்லாம் கோயில் மண்டபத்தில் படுத்திருந்தார்கள். வழி திறந்த பிறகு மிட்வைஃப் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, துடிப்பைக் கேட்டு, புள்ள நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்லாயிருக்கிற பிள்ளைக்கு என்ன அவசரம் என்று பொங்கல் கழியும்வரை தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

டொக்டர் கையுறையைக் கழற்றினார். "தொடை எலும்பு, கை எலும்பு ரெண்டும் கட்டை. இந்த மாசத்துக்கு உள்ள நீளம் இல்ல. தலை சரி. நெஞ்சு..." என்று தயங்கினார். "நெஞ்சு சின்னது மாதிரி தெரியுது. இந்த மெஷின்ல எனக்கு நிச்சயமா சொல்ல ஏலாது. கண்டிக்குப் போங்க. சுணங்க வேணாம்."

வெளியே விஜிதரன் வேனுக்குப் பக்கத்தில் நின்று யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். நோர்வூட்டுக்கும் ஹட்டனுக்கும் இடையில் ஓடுகிற அந்த வேனில்தான் கோசலா முன்பு வேலைக்குப் போய்வந்தாள். அப்படிப் பழகித்தான் கல்யாணம். தங்கச்சிமார் மூவரையும் கட்டிக்கொடுத்து முடித்தபோது அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இவளைவிடப் பதினாறு வயது மூத்தவன். தலையில் நரைத்த இடத்தைத் தடவிக்கொண்டே, "இந்த வயசுல எனக்கு ஒரு புள்ளயா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தவன்.

"என்னா சொன்னாரு? எல்லாஞ் சரிதானே?"

"ஏறுங்க, போயிட்டே சொல்றேன்."

டிக்கோயாவைத் தாண்டும்போது சொன்னாள். அவன் வேனை ஓரமாக நிறுத்தினான்.

"கட்டைன்னா? குட்டையா இருக்குமாமா?" அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. "அவ்வளவுதானே? எங்க அய்யா குட்டைதானே, கோசலா."

"அப்படி இல்லீங்க. நெஞ்சும் சின்னதாம்."

"நெஞ்சு சின்னதா இருந்தா என்னா?"

நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரல் விரிய இடம் வேண்டும் என்பதைப் படம் வரைந்து எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறாள். ஜன்னலை ஏற்றிவிட்டு, போகலாம் என்று மட்டும் கையைக் காட்டினாள்.

மறுநாள் இடைவேளையில் அவள் ஸ்கூல் ஆய்வுகூடத்து ஜன்னலோரம் போய் நின்றாள். அங்கேதான் போனுக்கு சிக்னல் வரும். பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்ததையெல்லாம் தேடித் தேடி வாசித்தாள். கருவில் ஒவ்வொரு உயிர்க்கலமும் பக்கத்துக் கலம் சொல்வதைக் கேட்டுத்தான் வளர்கிறது. ஒரு கலம் வளர்ச்சிக் காரணியை வெளியே விடும். இன்னொரு கலத்தின் மேலே செய்தி வாங்குவதற்கென்றே உள்ள வாங்கியில் அது போய் ஒட்டும். உடனே செய்தி உள்ளே போகும். தொடங்கிய செய்தியை வேளைக்கு நிறுத்துவதுதான் கலத்துக்குப் பெரிய வேலை. ஒட்டிய வாங்கியைத் தனக்குள் இழுத்துச் சிதைத்துவிடும். செய்தியைக் கேட்ட கலமே அந்தச் செய்தியை அடக்குகிற புரதங்களையும் செய்யத் தொடங்கும். அளவு குறைந்தால் கை முளைக்காது. அளவு மிஞ்சினால் முளைத்தது கோணிப்போகும்.

எலும்பின் நுனிக் குருத்தெலும்பில் உள்ள ஒரு வாங்கி மட்டும் எதிர்மாறானது. மெதுவாகப் போ, போதும், வளராதே என்று சொல்வதுதான் அதன் வேலை. அது சொல்லி முடித்து அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் எலும்பு நீளாது. ஓரளவு அடங்காமல் இருந்தால் அதற்கு ஒரு பெயர். அப்படிப் பிறந்தவர்கள் குட்டையாக இருப்பார்கள், படிப்பார்கள், கல்யாணம் கட்டுவார்கள், வயதாகிச் சாவார்கள். கொஞ்சமும் அடங்காமல் எப்போதும் கத்திக்கொண்டே இருந்தால் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயருக்குக் கீழே நெஞ்சுக்கூடு பற்றியும், பிறந்த பிறகு எவ்வளவு நேரம் என்பது பற்றியும் ஒரு வரி இருந்தது. கோசலா அதை முடிவுவரை வாசிக்கவில்லை. மணி அடித்தது. எட்டாந் தரத்துக்குப் போய்த் தாவர வேர்களைப் பற்றிப் பாடம் நடத்தினாள்.

கண்டியில் அவர்கள் பார்த்தது டொக்டர் ஜெயந்தினியை. வயிற்றிலிருக்கும் பிள்ளைகளின் நோய்களைப் பார்ப்பவர். நானுஓயாவில் பிறந்தவராம், பேச்சில் அது இன்னும் போகவில்லை. அவர் திரையைத் திருப்பிக்கொள்ளவில்லை. இருவருக்கும் தெரியும்படி வைத்து, எதை அளக்கிறார் என்று சொல்லிச் சொல்லி அளந்தார். திரையில் விலா எலும்புகள் மங்கலாகத் தெரிந்தன. அதைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது. கோசலா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சளவு குறைவுதான்," என்றார் டொக்டர். "ஆபத்துன்னு சொல்ற எல்லைக்குக் கிட்ட நிக்குது. தாண்டலன்னு எனக்குத் தோணுது. தொடை எலும்பு வளையல, அது நல்ல விஷயம். ஆனா இத மட்டும் வச்சு நான் ஒங்களுக்கு வாக்குக் குடுக்க மாட்டேன்."

பிறகு காகிதத்தில் ஒரு கலத்தை வரைந்து, வாங்கியை வரைந்து, விஜிதரனுக்குப் புரியும்படி விளக்கத் தொடங்கினார். அவன் பாதியிலேயே மறித்தான்.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான் டொக்டர். பிரேக் மிதிச்சா புடிக்கணும், கால எடுத்தா விடணும். புள்ளைக்கு விட மாட்டேங்குது. அதானே?"

"அதேதான்."

"ஜேம் ஆகியிருக்கா, இல்ல லேசா ஒரசுதா?"

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதத்தான் கண்டுபுடிக்கணும். ரெண்டுமே ஒரே பரம்பரையலகுல, ஒரே ஜீன்ல, ஒரு எழுத்து மாறுறதுனால வர்றது. எந்த இடத்துல மாறியிருக்குன்னு பார்த்தா தெரிஞ்சிடும். பனிக்குடத் தண்ணி கொஞ்சம் எடுத்து அனுப்பணும். பதில் வர சில கெழம ஆகும்."

"அது வரைக்கும்?"

"காத்திருக்கணும்."

ஊசி நீளமாக இருந்தது. அது வயிற்றுக்குள் இறங்கும்போது கோசலா கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலி பெரிதாக இல்லை. உள்ளே பிள்ளை சட்டென்று ஒதுங்கியதுபோல இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

புறப்படும்போது விஜிதரன் கதவருகே நின்றான். "இது எங்க ரெண்டு பேர்ல யாருகிட்டேருந்து வந்திச்சு?"

"ஒங்க ரெண்டு பேருக்குமே இது இல்ல. புதுசா வந்த மாற்றம்."

"புதுசுன்னாலும் எங்கேயாவது ஒரு எடத்துல வந்திருக்கணுமே."

டொக்டர் கோசலாவை ஒரு தரம் பார்த்தார். "பெரும்பாலும் அப்பாவோட விந்துக் கலத்துல. வயசு கூடக் கூட அந்தப் பிழை விழற வாய்ப்பும் கூடும். ஆனா இருபது வயசுக்காரருக்கும் நடக்கும். இது யாரும் செய்யறது இல்ல, தானா நடக்கறது."

அவன் தலையாட்டினான். கடைசியில் சொன்னது எதுவும் அவன் காதில் விழவில்லை என்பது கோசலாவுக்குத் தெரிந்தது. கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று வழி முழுவதும் ரோட்டையே பார்த்து ஓட்டினான். வழக்கமாக டீ குடிக்கும் கடையிலும் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் இருமல் என்று சொல்லி முன்னறையில் பாயை விரித்துக்கொண்டான். இருமல் எதுவும் இல்லை.

அவன் அம்மா அன்னம்மா அவர்களோடுதான் இருந்தாள். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள், கறாரானவள். மகனும் மருமகளும் எதையோ மறைக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்க அதிக நாள் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்படியில் கோசலா வெங்காயம் உரித்தபடி அழுவதைப் பார்த்துவிட்டு, என்ன என்று பிடிவாதமாகக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். கேட்டு முடித்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"அன்னிக்கே சொன்னேன். கிரகணம் புடிக்கறப்போ வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்தியே. மாசமா இருக்கறவ பார்க்கலாமா? படிச்சவள்னு பேரு."

"மாமி, நெலாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்ப எதுனால? எங்க பரம்பரையில இப்படி ஒரு புள்ள உண்டா? ஒங்க பக்கம் யாரும் இருந்தாங்களா, அதச் சொல்லு."

முன்னறையில் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்த விஜிதரன் எழுந்து வந்தான்.

"அம்மா, அவள ஒண்ணும் கேக்காதீங்க. அவகிட்டேருந்து வரல. என்கிட்டேருந்து வந்தது."

"யாருடா சொன்னா?"

"டொக்டர் சொன்னாங்க. என் வயசுனால."

அன்னம்மா பலகையில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் போய், வேறு என்னவோ வந்தது. கோசலா அதுவரை அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"வயசுனாலன்னா அது நான்தானே," என்றாள் அன்னம்மா. "முப்பது வயசுல ஒனக்குப் பொண்ணு வந்திச்சு. தங்கச்சிங்க இருக்காளுங்க, இப்ப வேணாம்னு தட்டிவிட்டது நான். அப்புறமும் ரெண்டு வந்திச்சு. அதையும் நான்தான்..."

"அம்மா, விடுங்க."

"எப்படிடா விடறது? அப்பவே கட்டியிருந்தா..."

"போதும்!" கோசலா கத்தியே விட்டாள். கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது. "அப்ப கட்டியிருந்தா நான் இந்த வீட்லயே இல்ல. இந்தப் புள்ளயும் இல்ல. நெலா, வயசு, பரம்பரைன்னு ஆளாளுக்குப் பழி போட ஆள் தேடறீங்க. உள்ள இருக்கறது மூச்சு விடுமா விடாதான்னு நான் பயந்து செத்துக்கிட்டிருக்கேன். அதுக்கு யாராவது என்கூட இருங்க."

அன்னம்மா குனிந்து வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்து, மீதியைத் தானே உரித்தாள். விஜிதரன் முன்னறைப் பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்து போட்டான்.

அடுத்த சனிக்கிழமை கோசலா ஹட்டனுக்குப் போனாள். கடைத்தெருவில் ஒரு பாமசியில் சுலக்ஷனா என்று ஒரு பெண் வேலை செய்தாள். கவுன்டருக்குப் பின்னால் நீளப் பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்று மருந்து கொடுப்பாள். வெளியே வந்தால் மற்றவர்களின் இடுப்பளவுதான். எத்தனையோ முறை அவளிடம் மாத்திரை வாங்கியிருந்தும் கோசலா அவளை நின்று பார்த்ததில்லை. அன்றைக்கு, அவள் கையையும் நெற்றியையும் நடையையும் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் குறைந்ததும் சுலக்ஷனா நேராகக் கேட்டாள். "டீச்சர், நீங்க மாத்திரை வாங்க வந்தீங்களா, என்னயப் பார்க்க வந்தீங்களா?"

கோசலாவுக்கு முகம் சுட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். சுலக்ஷனா பலகையிலிருந்து இறங்கி வந்து பெஞ்சில் அவளருகே உட்கார்ந்தாள்.

"எனக்கு இருக்கறதும் அதுவாத்தான் இருக்கும். எங்க வீட்ல டெஸ்ட் எல்லாம் யாரு எடுத்தா? தலை பெருசா இருக்குன்னு பயந்தாங்களாம், அவ்வளவுதான்."

"ரொம்பக் கஷ்டமா?"

"கஷ்டந்தான். பஸ் படி ஏற யாராவது கைய புடிக்கணும். புடிக்கறவன் எல்லாம் நல்லவன் இல்ல. முதுகு வலிக்கும். ரோட்ல பெரிய ஆளுங்களே போட்டோ புடிப்பாங்க. வேற என்னா கேக்கணும்?"

கோசலா கேட்க நினைத்ததைக் கேட்கத் தொடங்கினாள். "எப்பவாவது... பொறக்காமலே இருந்திருக்கலாம்னு..."

"யாரு, நானா?" சுலக்ஷனா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அடுத்த மாசம் நோட்டன் பிரிட்ஜுக்குக் கல்யாணம் கட்டிக்கிட்டுப் போறேன் டீச்சர். சாரி எடுக்க இன்னும் நேரம் கெடைக்கல. எனக்கு ஏன் அந்த நெனப்பு?"

"மன்னிச்சிருங்க." கோசலாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் தெனமும் சாமிகிட்ட கேக்கறதே ஒங்கள மாதிரி இருக்கட்டும்னுதான். அந்த இன்னொண்ணு வேணாம், இது போதும்னுதான்."

சுலக்ஷனா தெருப் பக்கம் திரும்பினாள். "என்னய மாதிரி வேணும்னு யாரும் சாமிகிட்ட கேட்டதா நான் கேள்விப்பட்டதே இல்ல," என்றாள். அது கோபமா, சந்தோஷமா என்று கோசலாவுக்குத் தெரியவில்லை. அதற்குள் ஒருவர் இருமல் மருந்து கேட்டு வந்து நிற்க, அவள் எழுந்து பலகையில் ஏறிவிட்டாள்.

கண்டியிலிருந்து பதில் வரவில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் கோசலா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். தையல்காரன் கூப்பிட்டாலும், போன் கம்பனிக்காரன் கூப்பிட்டாலும் அப்படித்தான். பாத்திரம் கழுவும்போதும் கரும்பலகையில் எழுதும்போதும் தன்னையறியாமல் ஆழமாக மூச்சை இழுத்து, அதைப் பிடித்து வைத்துப் பார்ப்பாள். இடமில்லாத நெஞ்சுக்குள் அது எப்படி இருக்கும் என்று.

மாசி பிறந்திருந்த ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. இனிப்பாக எதையாவது குடித்தால் அசையும் என்று சீனித் தண்ணீர் குடித்தாள். இடது பக்கம் சாய்ந்து படுத்தாள். வயிற்றைத் தட்டினாள். ஒன்றுமில்லை.

விஜிதரன் ஆட்களை நடுவழியில் இறக்கிவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு வந்தான். வெளியே மூடுபனி. வேனின் முன்விளக்கு இரண்டு முழத்துக்கு மேல் போகவில்லை. ரோட்டு சரிந்து போயிருந்த வளைவுகளில் அவன் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஓரத்தைப் பார்த்துப் பார்த்து ஊர்ந்தான். "அசையுதா? இப்ப அசையுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். பின்சீட்டில் கோசலாவைப் பிடித்துக்கொண்டிருந்த அன்னம்மா, அவள் வயிற்றில் கையை வைத்து, மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வழியில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இப்போதே முடிந்துபோனால் காத்திருக்க வேண்டியதில்லையே என்று கோசலாவுக்குத் தோன்றியது. தோன்றிய மறுகணமே வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, இல்லை, இல்லை என்று வாய்விட்டுச் சொன்னாள். அன்னம்மா வலிக்கிறதோ என்று பயந்து முதுகைத் தடவினாள். தனக்குத் தோன்றியதைக் கோசலா யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தாள். கரகரவென்று வெறும் சத்தம். நகர்த்தினாள். மறுபடி வெறும் சத்தம். விஜிதரன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தாதி இன்னும் கீழே அழுத்தியதும், ஓடிவருகிற குதிரைபோல அந்தத் துடிப்பு கேட்டது. வேகமாக, ஒழுங்காக. அது அறை முழுவதும் கேட்டது. அன்னம்மா கண்ணைத் துடைத்தாள். விஜிதரன் திரும்பவே இல்லை. அவன் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

டொக்டர் ஜெயந்தினி கூப்பிட்டபோது கோசலா ஆய்வுகூடத்து ஜன்னலோரம் நின்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். எண்ணைப் பார்த்ததும் சுண்ணக்கட்டி கையிலிருந்து விழுந்தது. எடுக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். எடுக்காதவரைக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விரல் தானாகவே தொட்டுவிட்டது.

"கோசலா, ஒக்காந்து பேசுங்க. நீங்க பயந்தது இல்ல."

"டொக்டர்?"

"அந்த இன்னொண்ணு இல்ல. லேசானதுதான். புள்ள குட்டையா இருக்கும், வேற சில சிக்கலும் வரலாம், அதெல்லாம் வந்து பேசுவோம். ஆனா மூச்சு விடும்."

கோசலா மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழத் தொடங்கியவளால் நிறுத்த முடியவில்லை. பிள்ளைகள் பயந்துபோய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி மெதுவாக எழுந்து வந்து தன் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

விஜிதரனைப் போனில் கூப்பிட்டாள். அவன் வேனை நடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டான் போலிருக்கிறது, பின்னால் ஹோன் அடிக்கும் சத்தம் கேட்டது.

"குட்டையா இருக்கும்தானே?"

"இருக்கும்."

"மூச்சு?"

"விடுமாம்."

ஹோன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கொஞ்சம் முன்னால், கண்டியில் ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். தலை பெரிது, அதனால் சுகப்பிரசவம் வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. மார்புக்குக் கீழே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் நடப்பது கோசலாவுக்குத் தெரியவில்லை. ஏதோ இழுபடுவது தெரிந்தது, பாரம் குறைந்தது தெரிந்தது. பிறகு யாரும் பேசவில்லை. பரிசோதனை தவறாகியிருந்தால்? மாதிரியை மாற்றி வைத்திருந்தால்? பரிசோதனை சரியாக இருந்தும் நெஞ்சு விரியாமல் போனால்? அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கீச்சுக்குரல் கிளம்பியது. நின்றது. பிறகு கோபம் கொண்டதுபோல, விடாமல், உரக்க அழத் தொடங்கியது.

பெண் பிள்ளை. கிருஷாந்தி என்று பெயர் வைத்தார்கள். நெற்றி எடுப்பாக இருந்தது. கைவிரல்கள் கட்டையாக, நடுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே கொஞ்சம் அகன்று இருந்தன. அன்னம்மா அந்த விரல்களைத் தன் சுண்டுவிரலில் பிடிக்கவைத்து, "என்னா புடி புடிக்கிறா பாரு," என்றாள். லயத்திலிருந்து பார்க்க வந்த ஒருத்தி, "ஏன் கையெல்லாம் இப்படி இருக்கு?" என்று இழுத்தபோது, "அவ கை அப்படித்தான் இருக்கும். நீ டீ குடிக்கிறியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பயம் போகவில்லை. மண்டையோட்டின் அடியில் முதுகுத்தண்டு நரம்பு இறங்குகிற துவாரம் இந்தப் பிள்ளைகளுக்குக் குறுகலாக இருக்கும், முதல் வருடம் தூக்கத்தில் மூச்சைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தலையைத் தொங்கவிடாமல் தூக்க வேண்டும். பகலில் பிள்ளை தூங்கும்போது கோசலா சமையல் நடுவே ஓடி ஓடி வந்து பார்த்தாள். விஜிதரன் இரண்டு ட்ரிப்புக்கு நடுவே வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனான்.

ஆவணியில் மறுபடி கண்டிக்குப் போனார்கள். பிள்ளையின் கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள், தூக்கத்தில் மூச்சை அளந்தார்கள். டொக்டர் ஜெயந்தினி படங்களை வெளிச்சத்தில் பிடித்து அதிக நேரம் பார்த்தார்.

"இப்போதைக்கு ஒப்பரேஷன் வேணாம்," என்றார் கடைசியில். "துவாரம் போதும். மூணு மாசத்துல திரும்ப வாங்க."

விஜிதரன் நீண்ட மூச்சு விட்டான். "சரி டொக்டர். இதுக்கு அடுத்து நாங்க எப்ப பயப்படணும்?"

டொக்டர் யோசித்தார். "நடக்கத் தொடங்கறப்போ. மெதுவாத்தான் நடப்பா. அதுக்கும் அடுத்தது ஸ்கூல் போறப்போ."

"ஸ்கூலுக்கு நான் இருக்கேனே," என்றாள் கோசலா.

மூவரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் கிருஷாந்தி விழித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடிக்குமுன் கினிகத்தேனையைத் தாண்டிவிட வேண்டும் என்று விஜிதரன் அவசரப்படுத்தினான். பால் கொடுத்து முடிக்கும்வரைக்கும் எங்கேயும் வர மாட்டேன் என்று சொல்லி, கோசலா வாசலிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.